ஜன்னல் வழியாக ஆட மாட்டேன்

பொம்பளைப் பிள்ளைக்கு வீடியோ கேம் எதற்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் வெளியே இருந்தவர்கள். அவர்களுக்கு நான் பதில் சொன்னதும் இல்லை.

அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தான். முதல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது எல்லோரையும் போல சோப்பு, சாக்லேட், தைலம், போர்வை என்று கொண்டுவந்தான். பெட்டியின் அடியில் இரண்டு கைலிகளுக்கு நடுவே சுருட்டி ஒரு கன்சோல் இருந்தது. அவனோடு அறையில் தங்கியிருந்த ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது இவனிடம் தள்ளிவிட்டுப் போனது. மூடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. கூடவே இரண்டு கன்ட்ரோலர், கொஞ்சம் டிஸ்க். "உனக்குத்தான்" என்று என்னிடம் நீட்டினான்.

நான் அப்போது மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படிக்கிறவளுக்கு உபயோகமாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. ஒரு உபயோகமும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. எங்கள் வீட்டுக்கு வந்த பொருள்களில் சும்மா சந்தோஷத்துக்காக மட்டும் வந்தது அது ஒன்றுதான்.

அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் அதை மாட்டினோம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று முள். மஞ்சளைக் கொஞ்சம் அசைத்துப் பிடித்தால்தான் கலர் வரும். வயலில் மோட்டார் ஓடும் நேரத்தில் கரண்டு இறங்கி, திரையில் நிற்கும் ஆள்கள் சுருங்கிப்போவார்கள். அறுவடை மெஷின் ஓடும் மாதத்தில் தெரு முழுக்கத் தூசி பறக்கும். கன்சோலின் ஃபேன் அதையெல்லாம் இழுத்துக்கொண்டு லாரி மாதிரி இரையும். அம்மா கோலப்பொடி டப்பாவைத் தட்டுவதுபோல அதைத் தலைகீழாகத் தட்டுவாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பேன்.

எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஊர் வேறு, தெரு வேறு. பெரிய வீட்டு நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்த குடும்பங்கள் நாங்கள். என் அப்பா காலத்தில்தான் கூலி என்பது மாறி, அதே வீட்டு நிலத்தில் கொஞ்சத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதார். தெருவில் இப்போது நர்ஸ் இருக்கிறாள், போலீஸ் இருக்கிறார், துபாயில் ஆள் இருக்கிறது. இருந்தாலும் வாய்க்கால் அங்கேயேதான் ஓடுகிறது.

கன்சோல் வந்த பிறகு எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தியதே இல்லை. தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். ஒரே டிஸ்க்கைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அது சண்டை கேம். ஆளுக்கு ஒரு வீரனைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்த வேண்டும். மூன்று சுற்றில் இரண்டை யார் எடுக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்.

ஆடுகிற விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடலாம். சிலர் திரையில் இருப்பவன் குதித்தால் தாங்களும் பாயிலிருந்து எழும்புவார்கள். சிலர் எந்தப் பட்டன் என்று பார்ப்பதே இல்லை, நாலையும் சேர்த்து மாவு பிசைவதுபோலப் பிசைவார்கள். தோற்றதும் கன்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்து, "இது சரியில்ல" என்பவர்கள் தனி ரகம். எதிர்வீட்டுச் சித்தி நடவு முடித்து வந்து, கையில் சேறு காயும் முன்னே உட்கார்ந்துவிடுவார். அவருக்குத் தெரிந்தது காலால் உதைக்கும் ஒரு பட்டன் மட்டும்தான். அதை வைத்தே பாதிப் பேரைச் சாய்த்திருக்கிறார். அப்பா ஆட மாட்டார். கதவோரம் நின்று, "அவன் பின்னால வர்றான் பாரு, பின்னால" என்று கத்துவார்.

நான் நன்றாக ஆடுவேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. தடித்தடியான ஆள்களை எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். நான் எடுப்பது ஆயுதம் எதுவும் இல்லாத ஒல்லிப் பெண் ஒருத்தியை. அவளுக்கு அடி குறைவு, வேகம் அதிகம். எதிராளி அடிக்கக் கை ஓங்கும் நேரத்தில் அவள் இரண்டு அடி அடித்திருப்பாள். அதற்கு அவன் எப்போது கை ஓங்குவான் என்று தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூச்சு மாறுவதை வைத்து அதைக் கண்டுபிடிப்பேன்.

என் பேர் வாய்க்காலைத் தாண்டிப் போனது கல்லூரி பஸ்ஸில்தான். ஊரில் இளைஞர் மன்றம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் என் கல்லூரியிலேயே எனக்கு ஒரு வருஷம் கீழே படித்தான். பஸ்ஸில் என்னை அக்கா என்று கூப்பிடுவான். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் கூப்பிட மாட்டான். அதைக் கவனித்திருக்கிறேன், கேட்டதில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு மன்றத்தார் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். உறியடி, கோலம், மெதுவாக சைக்கிள் ஓட்டுவது, இசை நாற்காலி எல்லாம் பள்ளிக்கூடத் திடலில். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: வீடியோ கேம் போட்டி, பெரிய வீட்டு ஹாலில். கடைசியில் பெரிய எழுத்தில், அனைவரும் கலந்துகொள்ளலாம்.

திடலில் நடக்கும் போட்டிகளுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எப்போதும் போவார்கள். ஓடுவார்கள், பரிசும் வாங்குவார்கள். வெயிலில் ஓடுவதற்கு எங்களை யாரும் தடுத்ததில்லை. ஹால் வேறு விஷயம். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த ஹாலில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மறுநாள் பஸ்ஸில் செயலாளர் தம்பியிடம் போனேன்.

"தம்பி, கேம் போட்டிக்கு என் பேரையும் சேத்துக்க."

"நீங்களாக்கா?"

"அனைவரும்னு போட்டிருக்கீங்களே."

"போட்டிருக்குக்கா." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "சரிக்கா, சேத்துர்றேன்."

நல்ல பையன். சேர்க்கவும் செய்தான். அதுதான் பிரச்சினையாகிவிட்டது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மாலையில் போன் செய்தான். வாய்க்கால் பாலத்தில் நிற்கிறேன், கொஞ்சம் வர முடியுமா என்றான். வீட்டுக்கு வா என்றேன். இல்லக்கா, இங்கேயே பேசிடலாம் என்றான். போனேன். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரு யோசனை. நீங்க உங்க வீட்லேருந்தே ஆடலாம். ஆன்லைன்ல. பெரிய வீட்ல ரெண்டு செட்டு இருக்கு. ஒண்ண உங்க வீட்டுக்கே குடுத்தனுப்புறேங்கிறாங்க. டிவியும் தர்றாங்களாம். நெட்டு கூட அவங்களே பாத்துக்குவாங்க."

"எதுக்கு இவ்வளவு செலவு? நடந்து வந்தா அஞ்சு நிமிஷம்."

"இல்லக்கா, அங்க கூட்டமா இருக்கும். உங்களுக்குச் சிரமம்."

"நாம வர்ற பஸ்ஸவிடக் கூட்டமா?"

நான் விடவில்லை.

"தம்பி, யாரு ஒத்துக்கலன்னு நேரா சொல்லு."

"பெரிய வீட்டுப் பெரியவருதான்க்கா. அவரு பையனுக்கு உங்களோட ஆடணும்னு ஆசை. உங்களப் பத்தி நாங்க சொன்னதுலேருந்து அதே பேச்சு. ஆனா பெரியவரு, உள்ள வேண்டாம்னுட்டாரு."

"ஆக, என் ஆட்டம் வேணும். ஆளு வேணாம்."

"அப்படியில்லக்கா."

"அப்படித்தான். நான் வீட்லேருந்து ஆட மாட்டேன். போய்ச் சொல்லிடு."

ஆன்லைனில் ஆடுவது மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேருடன் பிறகு ஆடியிருக்கிறேன். யார் எந்தத் தெரு என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் நான் ஒரு வாய்க்காலைத் தாண்டாமல் இருப்பதற்காக ஒரு கன்சோலையும் டிவியையும் சுமந்து வந்து கொடுக்கத் தயாராக இருந்தார்களே, அன்றைக்கு அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்ததாகப் பெரிய வீட்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எப்போதும் போலக் கொல்லைப்பக்கம் போய் நின்றிருக்கிறார். திரும்பி வந்தவர் பம்ப்செட்டில் கால் கழுவிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னவாம்?"

"புள்ளைய அடக்கி வைங்கிறாரு. குத்தகை விஷயமா தை முடிஞ்சதும் பேசணும்னாரு."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கேட்டுக்கிட்டியாடி? ஒரு வெளையாட்டுக்காக நெலம் போவணுமா? அந்த வீட்டுக்குள்ள போயி உக்காந்து என்ன கிடைக்கப்போவுது ஒனக்கு?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா. ஆடிட்டு வருவேன். எல்லாரும் அதுக்குத்தானே போறாங்க."

அப்பா சாப்பிட்டுக்கொண்டே பேசினார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. "அந்த வீட்டுக்குள்ள நான் எவ்வளவோ தரம் போயிருக்கேன். ஹாலைத் தாண்டி, உள்கட்டு வரைக்கும். நெல்லு கொட்டுற பத்தாயம் அங்கதான். தலையில மூட்டை இருந்தா போவலாம். கொட்டிட்டு, கொல்ல வழியா வந்துறணும்." கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டார். "வெறுங்கையோட நான் போனதில்ல. இந்தப் புள்ளை போவட்டும்."

அம்மா அழுதாள். கோபத்தில் அழுதாளா பயத்தில் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் காணும் பொங்கலன்று நான் கிளம்பியபோது, கிழிசல் இல்லாத சேலையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். "நீ தனியா போனா நல்லாருக்காது" என்றாள்.

காலை பத்து மணி வெயில். தெருவிலிருந்து வேறு யாரையும் நான் கூப்பிடவில்லை. கல்லூரிப் பையில் என் கன்ட்ரோலர் மட்டும் இருந்தது. பெரிய வீட்டு கேட் திறந்திருந்தது. உள்ளே ஹாலில் பெரிய டிவி ஓடும் சத்தம், பையன்கள் கூச்சல். முற்றத்திலிருந்து வீட்டுக்குள் ஏறும் படியில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, திட்டவும் இல்லை. சிரித்த முகமாகவே பேசினார். அதை எதிர்பார்த்து நான் வரவில்லை.

"வாம்மா. ஆடத்தானே வந்திருக்க? ஆடு. யாரு வேண்டாம்னா." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், அந்த ஜன்னலைத் தொறந்து விடுங்கடா. டிவியை இப்படித் திருப்புங்க."

ஹாலின் பெரிய ஜன்னல் திறந்தது. கம்பிகளுக்குப் பின்னால் டிவி திரும்பியது. ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்தில், ஜன்னலுக்கு நேராகப் போட்டான்.

"ஒயர் இல்லாத ரிமோட்டுதானே? இங்கேருந்தே புடிக்கும். நல்லா காத்தாட உக்காந்து ஆடு" என்றார் பெரியவர். அவர் உண்மையாகவே தாராளமாக நடந்துகொள்வதாக நினைத்தார் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே கூச்சல் நின்றுவிட்டது. எல்லோரும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். செயலாளர் தம்பி அவர்களுக்குப் பின்னால் நின்றான். அந்த வீட்டுப் பையனையும் பார்த்தேன். வெளியூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான், விடுமுறைக்கு வந்திருந்தான். கையில் கன்ட்ரோலரைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். ஆடிவிட்டுப் போய்விடலாம் என்கிறாளா, ஆடாமலே போய்விடலாம் என்கிறாளா என்று புரியவில்லை.

"ஜன்னல் வழியா ஆட மாட்டேங்க" என்றேன். "டிவியை வெளிய கொண்டாங்க. எல்லாரும் முத்தத்துலயே உக்காருவோம். உங்க பையனும் இங்க உக்காரட்டும், நானும் உக்கார்றேன்."

"வெயில்ல டிவியை எவன் தூக்குவான்?" என்றார் அவர். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அப்ப எங்க தெரு சமுதாயக் கூடத்துல ஆடிக்கலாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு. யார் வேணா வரலாம். உள்ளயே உக்காரலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். சமுதாயக் கூடத்தில் ஆட்டம் என்பது அந்த நிமிஷம் வாயில் வந்தது. அதுவரை அப்படி ஒரு யோசனையே என்னிடம் இல்லை. கேட்டைத் தாண்டி வந்த பிறகு அம்மா கேட்டாள்: "கூடத்துல கரண்டு இருக்காடி?"

இல்லை. பில் கட்டாமல் பிடுங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

ஆனால் தெருவுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னதும் நடந்ததை நான் மறக்க மாட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த ஒருவர், கோயில் திருவிழாவுக்கு எடுத்துப்போக வைத்திருந்த ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டுச் சித்தி கூடத்தைக் கழுவித் தள்ளினார். எங்கள் டிவியை அப்பாவும் இன்னொருவரும் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள், ஆடாமல் அசையாமல், உற்சவ மூர்த்தியைத் தூக்குவதுபோல. பாய்கள் வந்தன. யாரோ கரும்பு வெட்டிக் குவித்தார்கள். நாலு மணிக்குக் கூடத்தில் நிற்க இடமில்லை.

எல்லாம் எங்கள் தெரு ஆள்கள்தான். ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. வராவிட்டால் என்ன என்று ஆரம்பித்தோம். சித்தி உதைத்து உதைத்து எங்கள் தெருப் போலீஸ்காரரின் ஆளைச் சாய்த்தார். கூரை இடிந்துவிடும்போல விசில்.

அப்போது வாசலில் செயலாளர் தம்பி நின்றான். பின்னால் ஊர்ப் பையன்கள் சிலர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கூட்டத்தின் நடுவே என்னைத் தேடி, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, எங்களையும் சேத்துக்குவீங்களா?" என்றான். ஊர் ஆள்கள் காதுபட அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர்களுக்குப் பாயில் இடம் விட்டார்கள். கரும்பு கொடுத்தார்கள். ஒருவன் வாங்கத் தயங்கினான், பிறகு வாங்கிக் கடித்தான். கொஞ்ச நேரம் கழித்து பெரிய வீட்டுப் பையன் தனியாக வந்தான். கூடம் அடங்கிப்போனது. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. அவன் யாரையும் பார்க்காமல் நேராக முன்னால் வந்து, எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

நீங்க என்றான். அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் தெருவில் யாரையும் நீங்க என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என் அப்பாவைக்கூட.

"இடது பக்கம்" என்றேன். "நல்ல ரிமோட்ட நீங்க வச்சுக்குங்க. என்னோடது பழுது. எனக்குப் பழகிப்போச்சு."

என் கன்ட்ரோலரின் இடது குச்சி தேய்ந்துபோய், தொடாமலே இடப்பக்கம் இழுக்கும். அந்த விளையாட்டில் எதிராளியை விட்டுப் பின்னால் இழுத்தால் தற்காப்பு. ஆகவே இடது பக்கம் நின்றால் பழுதே எனக்குக் காவல்.

முதல் சுற்றை அவன் சுலபமாக எடுத்தான். விடுதியில் ராத்திரி பகலாக ஆடிப் பழகிய கை. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து அடித்தான், என் ஒல்லிப் பெண்ணுக்கு எழுந்திருக்கவே நேரம் கொடுக்கவில்லை. ஊர்ப் பையன்கள் கைதட்டினார்கள். இரண்டாம் சுற்றில் நான் அடிக்கவே இல்லை, தடுத்துக்கொண்டே இருந்தேன். அவன் மூச்சைக் கேட்டேன். பெரிய அடிக்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வான். அது பிடிபட்டதும் அவன் இழுக்கும்போதெல்லாம் அடித்தேன். சுற்று எனக்கு வந்தது.

மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் உயிரும் நூலளவில் நின்றது. அப்பா கதவோரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார். அவன் மூச்சை இழுத்தான். நான் குனிந்து, காலை வாரினேன். சித்தியின் பட்டன் அது. அவன் ஆள் விழுந்தான்.

அந்தச் சத்தத்தை இன்னும் கேட்கிறேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவனும் சிரித்தான். "இன்னொரு ஆட்டம்?" என்று கேட்டு, கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தான்.

"வரிசையில நிக்கிறாங்க. தோத்தவங்க எந்திரிக்கணும். இங்க அதான் சட்டம்."

ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு கன்ட்ரோலரைப் பின்னால் நின்றிருந்த பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். அவன் சுவரோரமாகப் போய், மற்றவர்களோடு தன் முறைக்காக நின்றான். அவன் முறை வரும்முன் போன் அடித்தது. இரண்டு முறை எடுக்காமல் விட்டான். மூன்றாவது முறை எடுத்துக் காதில் வைத்தபடியே வெளியேறினான்.

சம்பா அறுவடை முடிந்ததும் குத்தகை போனது. இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வாய்ப்பேச்சில் இருந்த குத்தகை, கேட்க முடியாது. அப்பா கேட்கவும் இல்லை. அந்த நிலத்தின் ஒவ்வொரு மடையும் அவருக்குக் கை ரேகை மாதிரி. கடைசி வண்டி நெல் போன அன்று வரப்பில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. அம்மா நூறு நாள் வேலைக்கும், கிடைத்த நடவுக்கும் போனாள். கொஞ்ச நாள் என்னிடம் பேசவில்லை. ஒரு நாள் தலை வாரிவிடும்போது தானாகவே சொன்னாள்: "பயமாத்தான்டி இருந்துச்சு. ஆனா அந்த நாற்காலில நீ உக்காந்திருந்தா எனக்கு இன்னும் கேவலமா இருந்திருக்கும்."

பிறகு பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரின் நிலம் அண்ணன் மூலம் கிடைத்தது. அப்பா இப்போது அங்கேதான் குறுவை போடுகிறார். இந்தத் தடவை எழுதி வாங்கிக்கொண்டார்.

மன்றத்தில் அந்தத் தம்பியைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு ஃபிளெக்ஸில் வீடியோ கேம் இல்லை. எங்கள் கூடத்தில் இருந்தது. கரண்டு பில்லைத் தெருவே சேர்ந்து கட்டியது. இப்போதும் ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் நடக்கிறது. புது டிவி, புது கன்சோல். ஊர்ப் பையன்கள் வருகிறார்கள். எல்லோரும் வருவதில்லை. வருகிறவர்கள் தங்கள் வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்களா என்று நாங்கள் கேட்பதில்லை.

பெரிய வீட்டுப் பையன் இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். சில வருஷங்களுக்கு முன் கேமில் நட்பு வேண்டுகோள் அனுப்பினான். உடனே ஏற்கவில்லை. யோசித்துத்தான் ஏற்றேன். எப்போதாவது ஆடுகிறோம். ஒருநாள் ஹெட்செட்டில், "அன்னைக்கு நடந்ததுக்கு வருத்தமா இருக்குங்க" என்றான். "உங்க வீட்ல சொல்லுங்க அத" என்றேன். அந்த வீட்டு ஹாலுக்கு இன்றுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஆகவே இதை நான் சமாதானம் என்று சொல்ல மாட்டேன். ஆட்டம் என்று மட்டும் சொல்வேன்.

நான் இப்போது தஞ்சாவூரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். அங்கே இந்தக் கதையைக் கேட்ட ஒரு அக்கா, "ஒரு கேமுக்காகவா நிலத்த விட்டீங்க?" என்று கேட்டார். மரியாதைக்காக, உரிமைக்காக என்று நான் ஏதாவது பெரிதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்போல. அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஆட வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரையும் போல ஆட வேண்டும். விளையாட்டு சின்ன விஷயம் என்றால், அதற்கு ஏன் ஒரு ஜன்னலைத் திறந்து நாற்காலியை வெளியே போட்டார்கள்?

"ஆமாங்க" என்றேன். "ஒரு கேமுக்காகத்தான்."